உப்புக் கிட்டங்கியில் நின்ற கார்

பெயர்: சிவனணைந்தபெருமாள். தந்தை பெயர்: சுடலைமுத்து (காலஞ்சென்றவர்). வயது: ஐம்பத்தேழு. படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில்: உப்பு அரவை ஆலை, உப்பு வியாபாரம். விலாசம்: மூன்றாம் மைல் அருகில், தூத்துக்குடி.

நான் மேற்கண்ட விலாசத்தில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு என் சொந்த விருப்பத்தின் பேரில் கொடுக்கிறேன். இதைக் கொடுக்கும் கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் எனக்கு எதிராகவே பயன்படும் என்றும் நடுவர் அவர்கள் நேற்று எடுத்துச் சொல்லி, யோசித்துக்கொள்ள ஒரு நாள் அவகாசமும் தந்தார்கள். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். 22.08.2025 அன்று வேம்பாரில் நடந்த கார் விபத்து குறித்து மறுநாள் காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் உண்மையை மறைத்துக் கொடுத்தது. அந்த வழக்கில் என்னுடைய டிரைவர் பெவின், வயது இருபத்தொன்பது, சாயர்புரம், பத்தொன்பது நாட்களாகச் சிறையில் இருக்கிறான். அவன் மீது தவறு இல்லை.

நான் 1986 ஆம் ஆண்டு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து உப்பு மூட்டைக்குச் சாக்குத் தைக்கும் வேலையில் சேர்ந்தேன். அதன் பின்பு தரகு பார்த்து, அதன் பின்பு சொந்தமாக வாங்கி விற்று, இப்போது அரவை ஆலை ஒன்றும் கிட்டங்கி இரண்டும் லாரி நான்கும் வைத்திருக்கிறேன். உப்பு வியாபாரத்தில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். மழைக்கு முன்பு உப்பைக் குவித்து அம்பாரம் கட்டி, பனையோலை போட்டு மூடி வைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் உப்பளப் பாத்திகள் எல்லாம் முங்கி விலை ஏறும்போது திறக்க வேண்டும். கடைசி வரை பொறுப்பவனுக்கு லாபம். எனக்குத் தெரிந்த வியாபாரம் இவ்வளவுதான்.

2021 ஆம் ஆண்டு சென்னையில் கப்பல் ஏஜெண்ட் ஒருவர் பேச்சுவாக்கில், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் சில ரகங்கள் விலை இறங்குவதே இல்லை என்று சொன்னார். நான் நம்பவில்லை. கார் என்றால் ஷோரூம் வாசலைத் தாண்டிய அன்றே விலை இறங்கிவிடும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். அதன் பின்பு பழைய விலைப்பட்டியல்களை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் கம்பெனி விலையை ஏற்றியிருந்தது. ரூபாய் விழுந்தால் அதற்கும் ஒரு ஏற்றம். பணம் கட்டினாலும் வண்டி கைக்கு வர ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாத பணக்காரன், ஓடாத வண்டி கைவசம் இருந்தால் புது வண்டி விலையை ஒட்டியே கொடுப்பான் என்று எனக்குப் பட்டது. யாரோ ஒருவர் முன்பதிவு செய்துவிட்டு விலகிக்கொண்ட வண்டியை நான் எடுத்துக்கொண்டு, 2022 மார்ச் மாதம் மூன்று கோடியே இருபத்திரண்டு லட்சத்துக்கு என் பெயரில் பதிவு செய்தேன். இரண்டு கதவு, இரண்டு சீட், நீல நிறம். எனக்கு அதை ஓட்டும் ஆசை இருந்ததில்லை. குனிந்து உள்ளே போவதே எனக்குச் சிரமம்.

வண்டியை வீட்டில் நிறுத்தினால் மைத்துனன் ஒரு நாளும் மருமகன் ஒரு நாளும் எடுத்துப் போய்க் கிலோமீட்டர் ஏறிவிடும் என்று எண்ணி, உப்பு மூட்டை அடுக்கும் என் பெரிய கிட்டங்கியில் ஒரு மூலையைக் காலி செய்து, தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தினேன். அந்தக் கிட்டங்கியில் இரும்புப் பூட்டு இரண்டு வருடம் தாங்காது. சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு ஏற்றும் என் லாரிகளுக்கு அடிப்பாகத்தில் கழிவு ஆயில் அடித்து, பிரேக் எண்ணெய் போகும் பைப்புகளை வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவேன். இது தூத்துக்குடியில் உப்பு லாரி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

பெவின் ஆறு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு முறை கிட்டங்கிக்குப் போய் வண்டியைப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு, துடைத்து மூடிவிட்டு வருவது அவன் பொறுப்பு. 2023 அக்டோபரில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று கோடியே ஐம்பத்தைந்துக்குக் கேட்டார். அப்போது புது வண்டி மூன்று அறுபதைத் தாண்டியிருந்தது. ஜனவரி ஏற்றத்துக்கு இன்னும் இரண்டரை மாதம்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அதன் பின்பு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஊரே வெள்ளத்தில் கிடந்தது யாவரும் அறிந்ததே. மூன்றாம் நாள்தான் நானும் பெவினும் கிட்டங்கிக்குள் போக முடிந்தது. அடி வரிசை மூட்டைகள் எல்லாம் கரைந்து, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றது. அது வெறும் மழைத் தண்ணீர் அல்ல. பாத்தியில் உப்பு விளையும் பருவத்தில் நிற்குமே, அந்தக் கனத்த தண்ணீர். காரின் சக்கரங்கள் பாதி வரை அதில் நின்றன. எஞ்சினுக்கும் சீட்டுக்கும் தண்ணீர் ஏறவில்லை. பெவின், "அண்ணாச்சி, இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் போடுவமா? வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றான். நான் வேண்டாம் என்றேன். இன்சூரன்ஸில் எழுதிவிட்டால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி என்று பதிவாகிவிடும். பதிவான வண்டியை எந்தப் பணக்காரனும் வாங்க மாட்டான். ஷோரூமுக்கு அனுப்பினாலும் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்து, பெவினை விட்டுக் கழுவச் சொல்லி, பலகை போட்டு உயர்த்தி, அதே கிட்டங்கியில் நிறுத்தினேன். என் லாரிகளில் இரண்டு அதே தண்ணீரில்தான் நின்றன. அந்த வாரமே அவற்றின் பிரேக் பைப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன்.

2024 ஜனவரியில் விலை ஏறியது. 2025 ஜனவரியிலும் ஏறியது. அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் புது வண்டி நான்கு கோடியே நாற்பது லட்சத்துக்கு வந்து, அதற்கும் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில், இராமநாதபுரத்தில் ஹோட்டல் வைத்திருக்கும் ஜெயகணேஷ் என்பவர் என்னை அணுகினார். வந்து பார்த்தார். நூற்று எண்பத்தாறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. "மழை வெள்ளத்துல எதுவும் ஆகலியே?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நான் சீட்டைத் தொட்டுக் காட்டி, "உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல" என்றேன். நான்கு கோடிக்கு ஐந்து லட்சம் குறைவாகப் பேசி முடித்தோம். அவர் முன்பணம் கொடுத்தார்.

அதன் பின்பு ஒப்படைக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று, என் லாரிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் டிக்சனைக் கிட்டங்கிக்கு வரவழைத்தேன். அவர் வண்டியைத் தூக்கி வைத்து அடியில் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர், "அண்ணாச்சி, பைப்பு அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு. நம்ம லாரின்னா இந்நேரம் நீங்களே கழட்டி எறிஞ்சிருப்பீய" என்றார். மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, சாமான் சென்னையிலிருந்துதான் வர வேண்டும், வண்டி நம்பர் கொடுத்தால்தான் தருவார்கள் என்றார். நம்பர் கொடுத்தால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். பைப்பைச் சுரண்டி விட்டுக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். "பெயிண்ட் துருவ மறைக்கும். எண்ணெயப் பிடிச்சு நிறுத்துமா?" என்று டிக்சன் கேட்டார். அவர் மகள் காலேஜ் பீஸுக்கு நான் உதவி செய்து வருகிறேன். அதைப் பற்றி அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் இருவருக்கும் அது நினைவில் இருந்தது. அவர் பெயிண்ட் அடித்தார். என் வற்புறுத்தலின் பேரில்தான் அடித்தார்.

அதன் பின்பு நானே வண்டியில் ஏறி, லாரிக்கு நாங்கள் பார்க்கும் முறையில் பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பத்து எண்ணிப் பார்த்தேன். பெடல் இறங்காமல் நின்றது. உப்பு லாரி முப்பது, நாற்பதில் ஓடுவது. அந்த லாரிக்குச் சரியாக இருக்கும் சோதனை இந்த வண்டிக்குப் போதாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பத்து வரை எண்ணியதை வைத்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஜெயகணேஷ் வண்டியைக் கேரியர் லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னார். கேரியரில் ஏற்றினால் இறக்கும்போது சாய்மானத்தில் அடிப்பாகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். ஹோட்டல் வாசலில் நாலு பேர் நிற்பார்கள், எவனாவது குனிந்து பார்ப்பான் என்று எண்ணி, வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பு ஓட்டியே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால்தான் மரியாதையாக இருக்கும் என்று அவரிடம் நயமாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

22.08.2025 அன்று காலை ஏழே முக்கால் மணிக்கு, கிட்டங்கி வாசலில் பெவினிடம் சாவியைக் கொடுத்தேன். அறுபதுக்கு மேல் போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு, "இந்த வண்டியில அறுபதுல போனா டவுன் பஸ்காரன் எறங்கி வந்து உடம்பு சரியில்லியான்னு கேப்பான் அண்ணாச்சி" என்றான். "கேட்டா ஆமான்னு சொல்லுலே" என்றேன். பிரேக் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் எடுத்திருக்க மாட்டான்.

எட்டு ஐம்பதுக்குப் போன் வந்தது. பெவின் குரல்தான். "அண்ணாச்சி, பிரேக் பிடிக்கல. மிதிச்சேன், அப்படியே தரைக்குப் போயிட்டு. ஒரு பொம்பளயாளுக்கு அடிபட்டுட்டு" என்றான். பின்னால் ஆட்கள் சத்தம் கேட்டது. நான் சொன்ன பதில், "போனை வை. பிரேக் கிரேக்குன்னு யார்கிட்டயும் பேசாத" என்பது. எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு அடி என்று நான் கேட்கவில்லை.

வேம்பாரில் பேருந்து ஒன்று ஆளேற்ற நின்றிருக்கிறது. எதிரே லாரி. பெவின் பேருந்தின் பின்னால் மோதாமல் இடது பக்கம் மண்ணில் இறக்கி, உப்பளக் கரையில் மோதி நிறுத்தியிருக்கிறான். அங்கே கருவாட்டுக் கூடையுடன் நின்றிருந்த பேச்சிச்செல்வி, வயது நாற்பத்து நான்கு, வேம்பார், என்பவருக்கு அடிபட்டு, வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. கூடியிருந்தவர்கள் பெவினை அடித்திருக்கிறார்கள். சாய்ந்து கிடந்த நீல வண்டியின் படம் மத்தியானத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. பழைய லாரி மோதியிருந்தால் முதலில் பிரேக்கைத்தான் கேட்டிருப்பார்கள். இந்த வண்டி என்பதால் வேகம் என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சொன்னார்கள்.

மறுநாள் காவல் நிலையத்தில், அறுபதுக்கு மேல் போகாதே என்று நான் இரண்டு முறை எச்சரித்தும் டிரைவர் கேட்கவில்லை என்றும், வண்டி எந்தக் குறையும் இல்லாத நிலையில் இருந்தது என்றும் வாக்குமூலம் கொடுத்தேன். எச்சரித்தது உண்மை. ஏன் எச்சரித்தேன் என்பதைச் சொல்லவில்லை. பிரேக் என்று வந்தால் பெயிண்ட் வரும், பெயிண்ட் வந்தால் வெள்ளம் வரும், அதன் பின்பு இன்சூரன்ஸும் கிடைக்காது, ஜெயகணேஷும் என்னை விடமாட்டார், வழக்கும் என் மேல் வரும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். நான் சொன்னதை வைத்துத்தான் பெவினுக்கு ஜாமீன் கிடைக்காத பிரிவு போடப்பட்டது.

ஐந்தாம் நாள் நான் மருத்துவமனைக்குப் போய்ப் பேச்சிச்செல்வியைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தத் தம்பி ஒரு கைய வெளிய போட்டு வெலகு வெலகுன்னு வீசிக்கிட்டே வந்தாம்யா. ஆரன விடாம அடிச்சான். நாந்தான் கூடைய எடுக்கக் குனிஞ்சேன்" என்றார். இதைப் போலீஸில் சொன்னீர்களா என்று கேட்டேன். "காலு எப்பிடிப் போச்சுன்னு கேட்டாவ. இத யாரும் கேக்கல" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டிலில் அவருடைய போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நிம்மதியாக இருந்தது. இதையும் பதிவு செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்பு செப்டம்பர் முதல் வாரத்தில் பெவினுடைய மனைவி ஜாஸ்லின் என் அலுவலகத்துக்கு வந்தார். பணம் கேட்டு வந்திருப்பார் என்று எண்ணி, எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். "பணம் வேண்டாம் அண்ணாச்சி. ஆறு வருசமா உங்ககிட்ட வண்டி ஓட்டுறாவ, ஒரு கீறல் விழுந்தது இல்ல. அத மட்டும் லெட்டர் பேடுல ஒரு வரி எழுதித் தாங்க. ஜாமீனுக்குக் காட்டணும்னு வக்கீல் சொல்லுதாரு" என்றார். நான் ஸ்டேஷனில் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. லெட்டர் பேடை எடுத்துத் தேதி எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுதினால் நான் சொன்னதற்கு நானே எதிராகக் கையெழுத்துப் போட்டதாகிவிடும். டைப் செய்து அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பவில்லை. அவர் போகும்போது, என் மேசையில் நானே பிரித்துப் பார்த்து வைத்திருந்த கார் விலைப்பட்டியல் மேல், தனக்குக் குடிக்கக் கொடுத்த மோர் டம்ளரை வைக்கத் தயங்கி, கீழே தரையில் வைத்துவிட்டுப் போனார்.

கடந்த திங்கட்கிழமை நான் சிறைக்குப் போய்ப் பெவினைப் பார்த்தேன். அவன் பிரேக் பற்றி மறுபடி பேசுகிறானா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன், பரிவினால் போகவில்லை. இடது புருவத்தின் மேல் தையல் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் கை கூப்பினான். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "நம்ம கிட்டங்கி லோடுமேன் சமையலுக்கு இது எவ்வளவோ தேவல" என்றான். அதன் பின்பு குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கிட்டக் கிட்ட இருக்கும்லா. பதட்டத்துல நான் மாத்தி மிதிச்சிருப்பேன்னு எல்லாரும் சொல்லுதாவ. வண்டி நல்லா இருந்துதுன்னு நீங்களே சொல்லியிருக்கீயளாம். அப்ப நாந்தான் தப்பா மிதிச்சிருக்கணும். அந்தம்மா காலு என்னாலதான் போச்சு. உங்க வண்டியும் போச்சு. மன்னிச்சிக்கிடுங்க. இனி நான் ஸ்டியரிங் தொட மாட்டேன்" என்றான்.

நான் அவனை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். விபத்து நடந்த நிமிடம் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. போனில் என்னிடம் முதலில் சொன்னதே அதுதான். நான் சொன்ன பொய்யை அவன் தன் காலை விட அதிகமாக நம்பிவிட்டான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்வை நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னதும் வந்துவிட்டேன். வெளியே வந்து காரில் ஏறினேன். புதிதாக வந்த டிரைவர் எங்கே போக வேண்டும் என்று மூன்று முறை கேட்டதாக அப்புறம் சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. அதன் பின்பு வக்கீல் வீட்டுக்குப் போகச் சொன்னேன். வக்கீல், பேசாமல் இருந்தால் ஆறு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்று ஆலோசனை சொன்னார். அவர் ஆலோசனைக்கு மாறாகவே இங்கே வந்திருக்கிறேன்.

மோதலில் பைப்பு உடைந்திருக்கலாம் என்று வண்டியைச் சோதித்தவர்கள் எழுதியிருப்பதாக அறிகிறேன். வண்டி இப்போது காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது. முன் இடது சக்கரத்துக்குப் போகும் பைப்பில் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் புள்ளி அரிப்பும், அதில் ஒன்று வெடித்த இடமும் தெரியும். டிக்சன் பெயிண்ட் அடிக்கும் முன்பு தன் போனில் எடுத்த படத்தை நான் அழிக்கச் சொன்னேன். அவர் அழிக்கவில்லை என்று நேற்று ஒப்புக்கொண்டார். அதை ஒப்படைப்பார். விபத்துக்குப் பின்பு கொடுத்திருந்த இன்சூரன்ஸ் மனுவை நான் திரும்பப் பெற்றுவிட்டேன். ஜெயகணேஷுக்கும் உண்மையைத் தெரிவித்துவிட்டேன். பேச்சிச்செல்வி அவர்களுக்கு என்ன தீர்ப்பானாலும் அது என்னைச் சேர்ந்தது. இந்த விபத்துக்கு நானே பொறுப்பு.

யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்கிறேனா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்றும் கேட்டார்கள். ஒரு விண்ணப்பம் உண்டு. பெவினை விடுதலை செய்யும்போது, விடுதலை என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம். முதலாளி மனம் இரங்கி ஏதோ செய்து வெளியே எடுத்தார் என்று அவன் நினைத்துக்கொள்வான். இந்த வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவன் சரியாகத்தான் ஓட்டினான். சரியான நேரத்தில் மிதித்தான். மிதித்தது பிரேக்கைத்தான்.

மேலே உள்ளவை எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டன. இவை நடந்தது நடந்தபடியே உள்ளவை. திருத்தவோ குறைக்கவோ எதுவும் இல்லை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சு. சிவனணைந்தபெருமாள்
தூத்துக்குடி, 10.09.2025